தேன் தடவிய எழுத்துகள்

விடுதியில் என் அறைத்தோழி ஒரு கிறித்தவப் பெண். ஒவ்வோர் இரவும் விவிலியத்தில் ஒரு சங்கீதமாவது படித்துவிட்டுத்தான் உறங்குவாள். சென்ற ஆண்டு பருவத் தேர்வுக்கு முந்தைய இரவு, நுண்கணிதம் தலையில் ஏற மறுத்த வேளையில், அவளுடைய புத்தகத்தை எடுத்துச் சும்மா புரட்டினேன். 119ஆம் சங்கீதம் கண்ணில் பட்டது. எட்டெட்டு வசனங்களாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவின் தலையிலும் பொருள் விளங்காத ஒரு சொல் அச்சிடப்பட்டிருந்தது. ஆலெப், பேத், கிமெல், டாலெத்... "யாருடைய பெயர்கள் இவை?" என்று கேட்டேன். "பெயர்கள் இல்லை, எழுத்துகள். எபிரேய அரிச்சுவடி" என்றாள் அவள்.

22 எழுத்துகள், எழுத்துக்கு எட்டு வசனங்கள், ஆக 176. மூலத்தில் ஒவ்வொரு வசனமும் அந்தந்த எழுத்திலேயே தொடங்குகிறது. மொழிபெயர்ப்பில் அந்த அமைப்பு மறைந்துவிட, ஊர் அழிந்த பின்னும் நிற்கும் எல்லைக்கல்லைப்போலத் தலைப்பு மட்டும் நம் தமிழ்ப் புத்தகத்தில் நிற்கிறது.

கணிதம் படிக்கும் பெண்ணுக்கு எபிரேய எழுத்துகளோடு என்ன வேலை என்று பேராசிரியப் பெருமக்கள் கேட்கலாம். காரணம் உண்டு. எங்கள் வீட்டில் எழுத்து என்பது எளிதாக வந்த பொருள் அன்று. தலைமுறை தலைமுறையாகக் கைநாட்டு வைத்த குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவள் நான். சேர்க்கைக்கான சான்றிதழ் ஒன்றைப் பெற அம்மாவுடன் ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தபோது, அங்கிருந்தவர் அம்மாவின் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் மைப்பெட்டியை அவள் பக்கம் தள்ளினார். அந்தச் சிறு தகரப்பெட்டி மேசைமீது உரசிய ஓசை இன்றும் என் காதில் இருக்கிறது. ஆகவே, எழுத்துகளையே தெய்வத்தன்மை உடையனவாகக் கருதும் ஒரு மக்கள் கூட்டம் உலகில் உண்டு என்று அறிந்தபோது எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது: அந்தப் புனிதம் எழுத்தறியாதவனை என்ன செய்தது? அருகில் அழைத்ததா, அப்பால் நிறுத்தியதா?

யூதர்களின் நம்பிக்கையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இறைவன் உலகைச் சொல்லால் படைத்தான். சொல் எழுத்துகளால் ஆயது. எனவே எழுத்துகளே படைப்பின் செங்கற்கள். 'செபெர் யெட்சிரா', அதாவது படைப்பு நூல் என்னும் பழைய சிறுநூல் 22 எழுத்துகளையும் மூன்று, ஏழு, பன்னிரண்டு எனப் பிரிக்கிறது. ஆலெப், மேம், ஷீன் மூன்றும் தாய் எழுத்துகள். இவை முறையே காற்று, நீர், நெருப்பு. ஏழு எழுத்துகள் ஏழு கோள்களுக்கும், பன்னிரண்டு எழுத்துகள் பன்னிரண்டு மாதங்களுக்கும் உரியவை. இத்தகைய அட்டவணைகள் எந்த நாட்டுப் பழமையிலும் கிடைக்கும். எனக்கு இவற்றில் பெரிய ஈடுபாடு இல்லை.

என்னைக் கவர்ந்தவை, எழுத்தின் வடிவத்தைக் குழந்தையின் கண்ணால் பார்த்துச் சொல்லப்பட்ட விளக்கங்களே. ஐந்து ஆகமங்களின் தொகுப்பாகிய தோரா 'பேத்' என்னும் இரண்டாம் எழுத்தில் தொடங்குகிறது. முதலெழுத்தாகிய ஆலெப் இருக்க, இரண்டாவதற்கு ஏன் அந்தப் பெருமை? பேத் எழுத்தைப் பாருங்கள் என்கிறார்கள் பழைய உரையாசிரியர்கள். எபிரேயம் வலமிருந்து இடமாக எழுதப்படுவது. பேத் எழுத்துக்கு மேலே மூடல், கீழே மூடல், பின்னே மூடல். முன்பக்கம் மட்டுமே திறப்பு. உலகம் படைக்கப்படுமுன் என்ன இருந்தது, மேலே என்ன, கீழே என்ன என்று துருவிக்கொண்டிராதே. திறந்திருக்கும் திசையில் நட என்று அந்த எழுத்து கூறுகிறதாம். (இயற்பியல் படிக்கும் நண்பர்கள் இதை ஏற்கமாட்டார்கள், நானும் ஏற்கவில்லை. ஆனால் ரசித்தேன்.) பின்தள்ளப்பட்ட ஆலெப் 26 தலைமுறைகள் இறைவனிடம் முறையிட்டதாகவும், பத்துக் கட்டளைகளின் முதற்சொல்லை ஆலெப்பில் தொடங்கி இறைவன் அதைத் தேற்றியதாகவும் கதை தொடர்கிறது.

இன்னொன்று இதைவிட எனக்குப் பிடித்தது. தல்மூதில் வருவது. சிறுவர் சிலர் கல்விக்கூடத்துக்கு வந்து, பெரியவர்களே அதுவரை சொல்லாத விளக்கங்களைச் சொன்னார்களாம். 'கிமெல்' என்பது கொடுப்பவன்; 'டாலெத்' என்பது ஏழை. கிமெலின் கால் ஏன் டாலெத்தை நோக்கி நீண்டிருக்கிறது? கொடுப்பவன் ஏழையைத் தேடி ஓடவேண்டும் என்பதால். டாலெத் ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறது? வாங்குபவன் வெட்கப்படாதபடி மறைவாகக் கொடுக்கவேண்டும் என்பதால். மைப்பெட்டியைத் தள்ளிய அந்தக் கையை நினைத்துக்கொண்டே இந்தப் பகுதியை இரண்டு முறை படித்தேன்.

'உண்மை' என்பதற்கு எபிரேயத்தில் 'எமெத்' என்று பெயர்: ஆலெப், மேம், தௌ. அரிச்சுவடியின் முதலும் நடுவும் கடையும் ஆன எழுத்துகள். பொய்யைக் குறிக்கும் 'ஷெகெர்' என்ற சொல்லின் மூன்று எழுத்துகளோ அரிச்சுவடியின் கடைசிப் பக்கத்தில் ஒன்றையொன்று ஒட்டி நிற்பவை. பொய் எளிதில் கூட்டம் சேரும், உண்மை தொலைவில் தொலைவில் நிற்கும் என்று இதற்கு விளக்கம். களிமண் மனிதனின் கதையும் இதில் பிறந்ததே. நெற்றியில் 'எமெத்' என்று எழுதினால் அவன் எழுந்து நடப்பான். ஆலெப்பை அழித்துவிட்டால் எஞ்சுவது 'மெத்', அதாவது பிணம். ஓர் எழுத்துக்குள் உயிரும் சாவும்!

இனி, என் பாடத்துக்கு வருகிறேன். எபிரேய எழுத்துகளே எண்களும் ஆகும். ஆலெப் 1; யோட் 10; கடைசி எழுத்தாகிய தௌ 400. ஆகவே ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கூட்டுத்தொகை உண்டு. உயிர்ப்பைக் குறிக்கும் 'ஹை' என்ற சொல்லின் மதிப்பு 18; அதனால் யூதர்கள் அன்பளிப்புப் பணத்தை 18, 36, 54 என்று கொடுப்பார்கள். நாம் மொய்ப்பணத்தோடு ஒரு ரூபாய் சேர்த்து வைப்பதுபோலத்தான். அதில் தவறு காண ஒன்றுமில்லை. 'ஒன்று' என்ற சொல்லுக்கு 13, 'அன்பு' என்ற சொல்லுக்கும் 13. இரண்டையும் கூட்டினால் 26. இறைவனின் நான்கெழுத்துப் பெயருக்கும் 26. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் இதை மெய்ப்பொருளுக்குச் சான்று என்று ஒருவர் கொண்டுவந்தால் கணித மாணவி வாய்மூடி இருக்கலாமா?

கணக்கிட்டுப் பாருங்கள். 22 எழுத்துகளால் அமையக்கூடிய மூன்றெழுத்துக் கோவைகள் 22 × 22 × 22, அதாவது 10,648. அவற்றின் மதிப்பு 3-க்குக் குறையாது, 1,200-ஐத் தாண்டாது. 1,198 கூண்டுகளில் 10,648 புறாக்கள்! சராசரியாக ஒரு கூண்டுக்கு ஒன்பது புறாக்கள் போய் உட்கார்ந்துதான் ஆகவேண்டும். அன்போடு 'ஒன்று' சேர்ந்தது என்று மகிழ்கிறோம். அதே கூண்டில் வேறு எந்தச் சொல் வந்திருந்தாலும் அதற்கும் ஒரு விளக்கம் சொல்லியிருப்போம். சேராதவற்றை யார் குறித்துவைக்கிறார்கள்?

இது பழைய காலத்துப் பழக்கம் என்று தள்ளிவிடவும் முடியாது. 1994இல் மூன்று இஸ்ரேலியர்கள், ஆதியாகமத்தில் குறிப்பிட்ட இடைவெளி விட்டு எழுத்துகளைப் பொறுக்கினால் பிற்காலத்து அறிஞர்களின் பெயர்களும், அவர்கள் பிறந்த இறந்த நாட்களும் அருகருகே வருகின்றன என்று புள்ளியியல் ஆய்விதழ் ஒன்றிலேயே கட்டுரை வெளியிட்டார்கள். 1997இல் மைக்கேல் டிராஸ்னின் என்ற பத்திரிகையாளர் அதை 'பைபிள் கோட்' என்ற புத்தகமாக்கினார். அது அமோகமாக விற்றது. ஆஸ்திரேலியக் கணிதவியலார் பிரெண்டன் மக்கே என்ன செய்தார் தெரியுமா? 'மோபி டிக்' என்ற ஆங்கிலத் திமிங்கில நாவலை எடுத்து, அதே முறையில் தேடி, இந்திரா காந்தி அம்மையாரின் படுகொலையைக்கூட அதில் 'கண்டுபிடித்து'க் காட்டினார்! 1999இல் அவரும் மூன்று இஸ்ரேலிய அறிஞர்களும் அதே ஆய்விதழில் மறுப்புக் கட்டுரை எழுதினார்கள். தங்கள் மறைநூலின் பேரால் வந்த மயக்கத்தை உடைக்க அந்நாட்டு அறிஞர்களே முன்வந்ததைக் கணிதம் படிப்போர் மறக்கக்கூடாது.

வடிவத்துக்கு வடிவம் பொருள் சொல்வதிலும் ஓர் இடறல் உண்டு. இன்று நாம் காணும் சதுர வடிவ எழுத்து யூதர்களின் முதல் எழுத்தே அன்று. பாபிலோன் சிறைவாசத்துக்குப்பின் அரமேயரிடமிருந்து அவர்கள் எடுத்துக்கொண்டது அது. அதற்குமுன் பீனீசியரது எழுத்தை ஒத்த பழைய எழுத்து வழங்கியது. இதைத் தல்மூதே மறைக்காமல் குறிப்பிடுகிறது. அப்படியானால் கிமெலின் கால் நீண்டிருப்பது, பழைய காலத்து அரமேயக் கணக்கன் ஒருவனின் கைப்பழக்கம் அல்லவா?

அப்படியும் கொள்ளலாம். ஆயினும் நான் அந்தக் கதையைக் கைவிடமாட்டேன். எழுத்தில் பொருள் இருந்ததா என்பதன்று என் கேள்வி; அந்தப் பொருளை வைத்துக்கொண்டு மனிதர் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதே. மந்திரச் சக்தி என்று நினைத்தோர் தாயத்து செய்தார்கள். யூதர் வீட்டு வாசற்காலில் 'மெசூசா' என்றொரு சிறு பேழை பதித்திருப்பார்கள். அதனுள்ளே மறைநூலின் இரு பகுதிகள் 22 வரிகளில், 713 எழுத்துகளில், தோலில் கையால் எழுதிச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். சிலர் வீட்டைக் காக்கும் என்று அதில் தேவதூதர் பெயர்களையும் சேர்த்து எழுதினார்கள். 12ஆம் நூற்றாண்டுப் பேரறிஞர் மைமோனிடீஸ் அவர்கள்மீது சீறி விழுந்தார். இறைவன்பால் அன்பு செலுத்தும் கடமையைச் சொந்த நலத்துக்கான தாயத்தாக்கிவிட்டார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. நான் அவர் கட்சி.

எழுத்தைக் கடமை என்று நினைத்தோர் செய்ததோ வேறு. தோராச் சுருளை இன்றும் அச்சிடுவதில்லை. பயிற்சி பெற்ற எழுத்தர் ஒருவர் தோலில், இறகுப் பேனாவால், மரபுக் கணக்குப்படி 3,04,805 எழுத்துகளையும் ஒவ்வொன்றாக எழுதுகிறார். ஏறத்தாழ ஓராண்டு வேலை. எழுதுமுன் ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டுச் சொல்லவேண்டும். ஓர் எழுத்து மற்றோர் எழுத்தைத் தொடக்கூடாது. ஓர் எழுத்து குறைந்தாலும் கூடினாலும் சுருள் முழுவதும் செல்லாது. திருத்தும்வரை தொழுகையில் படிக்கக்கூடாது. இறைவன் ஒருவனே என்னும் அறிக்கையில் 'ஒருவன்' என்ற சொல் டாலெத்தில் முடிகிறது. டாலெத்தின் மூலையில் துளி மை குறைந்து வளைந்துவிட்டால் அது ரேஷ் ஆகிவிடும். சொல்லின் பொருள் 'மற்றொருவன்' என்று மாறிவிடும். அதற்காகவே அவ்விடத்தில் டாலெத்தைப் பெரிதாக எழுதுகிறார்கள். துளி மையில் ஒரு மதத்தின் அடித்தளமே தொங்குகிறது! தேர்வு நெருங்கும்போது நாம் கூட்டல் குறியைக் கழித்தலாக எழுதிவிட்டு 'கவனப்பிழைதானே சார்' என்று சொல்லித் தப்பிக்கிறோமே, அந்த எழுத்தரிடம் அது செல்லாது.

கிழிந்து நைந்துபோன ஏடுகளையும் அவர்கள் எறிவதில்லை. மனித உடலைப்போல மண்ணில் புதைப்பார்கள். அதுவரை 'கெனிசா' என்ற அறையில் போட்டுவைப்பார்கள். கெய்ரோ நகரின் பழைய பகுதியில் உள்ள பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தில் அப்படிப் பல நூற்றாண்டுகளாகக் குவிந்த ஏடுகளை சாலமன் ஷெக்டர் என்ற அறிஞர் 1896–97இல் கேம்பிரிட்ஜ் கொண்டுசென்றார். அங்குமட்டும் ஏறத்தாழ 1,93,000 துண்டுகள் இருக்கின்றன. எபிரேய எழுத்தில் இருந்தால் போதும், கடைக்கணக்கும் கடன் சீட்டும் அந்த அறைக்குப் போயின. 12ஆம் நூற்றாண்டில் நம் மலபார்க் கரையில் தங்கி வெண்கலப் பட்டறை நடத்திய ஆபிரகாம் பென் யிஜூ என்ற வணிகரின் கடிதங்கள் அதனால்தான் நமக்குக் கிடைத்தன. அந்தக் குவியலில் குழந்தைகளின் அரிச்சுவடி ஏடுகளும் இருந்தன. பெரிதாக வரைந்த எழுத்துகளுக்கு உள்ளே வண்ணம் தீட்டிப் பழகிய ஏடுகள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு பிள்ளையின் கை!

காகிதம் காலில் பட்டால் என் அம்மாவும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. சோப்பு விளம்பரமாகக்கூட இருக்கும். அப்படிப்பட்ட வணக்கம் எனக்குப் பழக்கமானது. அதைக் கண்டு நெகிழ்வோரும் உளர். எனக்கு நெகிழ்ச்சியைவிட வருத்தமே மிகுதி. கும்பிடச் சொல்லிக்கொடுத்தவர்கள் படிக்கச் சொல்லிக்கொடுக்கவில்லையே!

இங்கேதான் யூத மரபில் எனக்கு விடை கிடைத்தது. மோசேயைப் பற்றித் தல்மூதில் ஒரு கதை. அவர் மலையேறிச் சென்றபோது இறைவன் எழுத்துகளின் தலையில் சிறுசிறு கிரீடங்கள் வைத்துக்கொண்டிருந்தானாம். எதற்கு என்று மோசே கேட்க, பல தலைமுறைகளுக்குப்பின் அகிபா என்று ஒருவன் வருவான், இந்தக் கோடு ஒவ்வொன்றிலிருந்தும் குவியல் குவியலாகச் சட்டங்களை விரித்துரைப்பான் என்றான் இறைவன். மோசே அகிபாவின் வகுப்புக்குப் போய் எட்டாவது வரிசையின் கடைசியில் அமர்ந்தார். ஒன்றும் விளங்கவில்லை, சோர்ந்துபோனார். (கடைசி வரிசைத் தோழர்கள் இனி தலைநிமிரலாம்.) அப்போது மாணவன் ஒருவன் இது எங்கிருந்து வந்தது என்று கேட்க, மோசே பெற்றுவந்தது என்று அகிபா விடையளித்தார். மோசேயின் மனம் ஆறியது.

அந்த அகிபா யார்? நாற்பது வயதுவரை எழுத்தறியாத ஆடு மேய்ப்பவர் என்கிறது மரபு. அந்த வயதில் தம் சிறு மகனோடு பாலர் ஆசிரியரிடம் போய் உட்கார்ந்தாராம். பலகையின் ஒரு முனையை அவர் பிடித்துக்கொண்டார். மறுமுனையை மகன் பிடித்துக்கொண்டான். ஆசிரியர் ஆலெப், பேத் எழுதிக் காட்டினார். எழுத்தின் கிரீடங்களுக்குப் பொருள் சொல்ல இறைவனே தேர்ந்தவர் என்று அவர்கள் போற்றும் மனிதர், ஒரு முதல் தலைமுறைப் படிப்பாளி!

யோசுவா பென் கம்லா என்ற தலைமைக் குருவையும் சொல்லவேண்டும். கி.பி. முதல் நூற்றாண்டினர். முன்பு தந்தை உள்ள பிள்ளைக்குத் தந்தை கற்பித்தான்; தந்தையற்ற பிள்ளை கல்லாமலே போனான். பிறகு 16, 17 வயதில் பள்ளிக்கு அனுப்பினார்கள். ஆசிரியர் கோபித்தால் மாணவன் எதிர்த்துக்கொண்டு வெளியேறிவிட்டான். (வேலைநிறுத்தம் நம் கண்டுபிடிப்பு அன்று.) கடைசியில் பென் கம்லாதான் ஊர்தோறும் ஆசிரியரை அமர்த்தி, ஆறேழு வயதிலேயே பிள்ளைகளைச் சேர்க்க ஏற்பாடு செய்தார் என்கிறது தல்மூத். 25 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், 40 ஆனால் ஓர் உதவியாளர், 50 ஆனால் இரண்டு ஆசிரியர்கள் என்ற கணக்கும் அங்கே இருக்கிறது. அக்காலத்தில் ஊர்தோறும் இது நடந்துவிடவில்லை, எழுத்தறிந்தோர் சிலரே என்று இன்றைய ஆய்வாளர்கள் காட்டுகிறார்கள். இருக்கட்டும். தந்தை கற்பிக்க இயலாத பிள்ளையை எண்ணித்தான் பள்ளி வந்தது என்று ஒரு சமூகம் தன் நினைவில் எழுதிவைத்துக்கொண்டதே, அதுவே எனக்குப் பெரிது. இடைக்காலத்தில் ஜெர்மனி நாட்டு யூதர்கள், பள்ளியில் சேரும் பிள்ளையை ஆசிரியரின் மடியில் அமர்த்தி, எழுத்துகள் எழுதிய பலகையில் தேனைத் தடவி நக்கச் செய்வார்கள். முதல் எழுத்து இனிப்பாக நாவில் இறங்கவேண்டும் என்பதற்காக.

பிள்ளை என்றுதான் சொன்னேன். உண்மையில் அது ஆண்பிள்ளை. இதை மறைத்துவிட்டு இந்தக் கட்டுரையை எழுதினால் நான் நேர்மையற்றவள் ஆவேன். மகளுக்கும் தோரா கற்பிக்கத் தந்தை கடமைப்பட்டவன் என்றார் பென் அசாய். அது வீண் விளையாட்டைக் கற்பிப்பது போன்றது என்றார் எலியேசர். நெடுங்காலம் வென்றவர் எலியேசரே. மரபுவழிச் சட்டத்தில் பெண் எழுதிய தோராச் சுருள் இன்றும் செல்லாது. இந்த நூற்றாண்டில்தான் சீர்திருத்தப் பிரிவுகளில் பெண்கள் எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். 1917இல் போலந்து நாட்டுக் கிராக்கோ நகரில் சாரா ஷெனிரர் என்ற தையற்காரப் பெண்மணி, மரபு வழுவாத வீட்டுப் பெண்களுக்கென்று பள்ளி தொடங்கினார். அகிபாவின் பெயர் தெரிந்த அளவுக்கு அந்த அம்மையாரின் பெயரும் வெளியே தெரியவேண்டும் என்பது என் கருத்து.

ஹசீதியர் என்ற பக்திப் பிரிவினர் சொல்லும் கதை ஒன்று உண்டு. எபிரேய எழுத்துகளைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதைத்தான் முதலில் சொல்வார்கள். தொழுகைப் புத்தகம் படிக்கத் தெரியாத ஏழை ஒருவன், ஆலெப் பேத் மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான். "ஆண்டவனே, எனக்கு வழிபாடு தெரியாது. எழுத்துகளைத் தந்துவிட்டேன், நீயே சேர்த்துக்கொள்" என்றான். அன்று எல்லாருடைய வழிபாட்டையும்விட அவனுடையதே மேலே சென்றது.

விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது, அடுப்படியில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். மனம் உருகுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் விறகைத் தள்ளிவிட்டுக்கொண்டே கேட்டாள்: "ஏம்மா, அதுக்கப்புறமாவது அந்த ஆளுக்கு யாராச்சும் மிச்சத்தைச் சொல்லிக் குடுத்தாங்களா?"

கதையில் அது இல்லை என்றேன்.